வெப்ப அழிப்பு – எதிர்ப்பாற்றல் கூட்டுச் சிகிச்சை

முற்றிய புற்றுநோயில் கட்டியை வெப்பத்தால் அழித்து, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தையும் ஊசிவழி செலுத்தும் முறை. ரேடியோ அலை, மைக்ரோவேவ், லேசர் ஆகியவை வெப்பம் தருகின்றன. ஸ்கேன் பார்த்துத் தோல்வழியே செருகும் ஊசிமுனையைச் சுற்றி வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்ததும் செல்கள் வெந்து மடிகின்றன. சிதறும் புரதங்களை அடையாளம் கண்ட டி-செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் தொலைவிலுள்ள கட்டிகளையும் தாக்கக்கூடும். வெப்பம் மட்டும் இதைச் சாதிப்பது அரிது. ஊசிமருந்தின் தேவை அங்கேதான்.

1890களில் நியூயார்க்கில் மருத்துவர் வில்லியம் கோலி புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியா நச்சை ஊசியாகப் போட்டது இத்தகைய ஊசிமருந்துகளின் முன்னோடி. கல்லீரல் புற்றுநோயில் டிரெமெலிமுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்துடன் கட்டி அழிப்பைச் சேர்த்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளியானது. 32 நோயாளிகளே பங்கேற்றதால் அதன் நம்பிக்கையூட்டும் முடிவுகளை நிதானத்துடன் அணுக வேண்டும்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மற்றொரு மருந்து பிசிஜி; சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய ஆய்வகமும் தயாரித்த காசநோய்த் தடுப்பூசி இது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அதன் பயன் 1976இல் பதிவானது.