கள்ளிப்பெட்டிக் கொலு

புரட்டாசி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் இரும்புக் கொலுப்படிகள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. நாலு திருகாணியை முடுக்கினால் சற்று நேரத்தில் ஒன்பது படி நிற்கிறது. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் அந்தக் காலத்தில் படியைக் கடையில் வாங்கியதே கிடையாது. கிடைத்த மரத்தில் அடித்துச் சேர்த்ததுதான். கொலு பொம்மைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் படிகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

கொலு என்ற சொல்லே அரசன் சபையில் வீற்றிருப்பதைக் குறிப்பது. விஜயநகரத்தில் மகாநவமி நடந்த விதத்தை டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். யானை, குதிரை, மல்யுத்தம் என்று அமர்க்களப்பட்ட விழா அது. மைசூரில் அது தசராவாகத் தொடர்ந்தது. நம் பக்கத்து வீட்டுக் கூடங்களில் அரசனும் சபையும் பொம்மையாக உட்கார்ந்தன. வசதியான வீடுகளில் இதற்கென்றே தேக்குப் படி இருந்தது. மாதச் சம்பளக்காரன் தேக்குக்கு எங்கே போவான்? அவனுக்குக் கைகொடுத்தது கள்ளிப்பெட்டி.

அப்போது எந்தச் சரக்கானாலும் மரப்பெட்டியில்தான் வரும். மண்ணெண்ணெய் 4 காலன் டின்கள் இரண்டிரண்டாக ஒரு மரப்பெட்டிக்குள் வந்த காலம் உண்டு. தேயிலை, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உள்ளே ஈயத்தாள் ஒட்டி, விளிம்பில் தகரப்பட்டை அடித்து வரும். காஷ்மீர் ஆப்பிள் மெல்லிய பலகைப் பெட்டியில் வைக்கோலோடு வரும். சரக்கை இறக்கிவிட்டால் பெட்டிக்குக் கடைக்காரர் பெரிய விலை வைப்பதில்லை. முட்டுக்கொடுக்க டிரங்குப்பெட்டி, கெரசின் டின், மேலே கள்ளிப்பலகை, அதன்மேல் சலவை வேட்டி. பாதி ஊரின் கொலு இப்படித்தான் நின்றது.

எங்கள் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப் 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்ததும் அதோடு ஒரு குடியிருப்பே எழுந்தது. பல ஊர், பல சாதி ஜனங்கள் வரிசை வீடுகளில் சேர்ந்து வசித்தோம். பக்கத்து வரிசையில் ஒரு ஆசாரி மாமா இருந்தார். ரயில் பெட்டிகளின் மரவேலை அவர் தொழில். 1955ல் பெரம்பூரில் இரும்புப் பெட்டிகள் செய்யத் தொடங்கியதிலிருந்து, "இனி எங்க வேலை ஒட்டுப்போடறதுதான்" என்று அடிக்கடி சொல்வார்.

1959ல் அப்பா காந்தி மார்க்கெட்டிலிருந்து ஐந்து பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஆசாரி மாமாதான். வெளியிலிருந்து நெம்பினால் பலகை பிளந்துபோகும். உள்ளிருந்து ஆணிக்குப் பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். பிடுங்கிய ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தினால் மறுபடி ஆகும். அடிக்கும் முன்னால் ஆணியின் முனையைத் தட்டி மொண்ணையாக்கிவிட்டால் மெல்லிய பலகை வெடிக்காது. இரண்டு பலகையைச் சேர்த்து அடியில் குறுக்கு ரீப்பர் அடித்தால் ஒரு படி. களிமண் பொம்மை கனம் என்பதால் கீழ்ப்படிகளுக்கு நடுவில் ஒரு கால் வேண்டும். படியைச் சட்டத்தோடு சேர்த்து அடிக்கக் கூடாது, சும்மாதான் வைக்க வேண்டும். அப்போதுதான் பத்தாம் நாள் கழித்து எண் போட்டுப் பரணில் ஏற்ற முடியும். மரவாடியில் கிடைத்த மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து கொலுவுக்கு முன்னால் புல்வெளியும் போட்டோம்.

அமாவாசைக்கு முன்பே வேலை முடிந்தாக வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார். ஒன்பதாம் நாள் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் ஆயுத பூஜைக்குப் போய்விடுமே. அந்தப் படியைச் செய்த கருவிகளுக்கும் படியில் உட்கார்ந்த பொம்மைகளுக்கும் ஒரே பண்டிகையில் சந்தனம், குங்குமம்.

படி நின்றது. யாரை அழைப்பது என்பதில்தான் தகராறு வந்தது. கொலு வைக்கிற வழக்கமுள்ள வீடுகளை மட்டும்தான் அழைக்கலாம் என்றாள் பாட்டி. அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று மட்டும், "படி அடிச்சவர் ஆத்துக்குத் தாம்பூலம் கொடுக்காம வேற யாருக்கம்மா கொடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, குங்குமச் சிமிழோடு தானே போய் ஆசாரி மாமியை அழைத்து வந்தாள். பாட்டி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமி பாடிய அம்மன் பாட்டைக் கேட்டு, "இன்னொண்ணு பாடேன்" என்றாள்.

மறுவருஷம் மிச்சப் பலகையில் மாமி வீட்டிலும் மூன்று படி நின்றது. மரப்பாச்சி என்றால் செம்மரம்தான் வழக்கம். மாமா துண்டுத் தேக்கில் தன் கையாலேயே ஒரு ஜோடி செதுக்கி உச்சிப்படியில் வைத்தார். அதற்கடுத்த வருஷங்களில் எங்கள் வரிசையில் கொலு வைக்காத வீட்டுப் பெண்களுக்கும் அழைப்பு போனது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பிறகு பெட்டிகள் மறைந்தன. மரத்தைக் காப்பாற்ற ஆப்பிள் அட்டைப்பெட்டிக்கு மாறியது, தேயிலை காகிதப் பைக்கு மாறியது. செம்மரம் 1995ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. காடு பிழைக்க வேண்டுமென்றால் இதெல்லாம் நியாயம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கொலுப்பலகை இருந்தால் விறகுக்குப் போடுமுன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை ராத்தல் என்று அச்சுக்குத்திய எழுத்து அடியில் இன்னும் இருக்கலாம். யார் அடித்த படி, யார் வந்து உட்கார்ந்து பாடினார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது பலகையில் எழுதியிருக்காது.