பக்கத்து வீட்டுச் சூடு

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொம்பேய் நகரத்தை மூடியபோது, அங்கே ஒரு பேக்கரி அடுப்புக்குள் 81 ரொட்டிகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டி எடுத்தபோது அத்தனையும் கரியாகியிருந்தன, ஆனால் உருக்குலையவில்லை. வட்ட ரொட்டி, பிய்த்துத் தின்ன வசதியாக மேலே எட்டுப் பங்காகக் கோடு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ரொட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு வீட்டுக்கு எதற்கு 81 ரொட்டி? அது ஒரு தெருவுக்கான அடுப்பு.

விறகு ஓவன் வேலை செய்யும் விதமே அப்படித்தான். நம் வீட்டு விறகடுப்பில் தீ கீழே, பாத்திரம் மேலே. தீ அணைந்தால் சமையல் நின்றுவிடும். ரொட்டி அடுப்பில் தீயும் மாவும் ஒரே அறையில் குடியிருக்கின்றன, ஆனால் வேறு வேறு நேரத்தில். முதலில் குவிந்த கூரைக்குக் கீழே விறகை எரிப்பார்கள். கூரையின் உட்புறத்தில் கரி படியும். சூடு ஏற ஏற அந்தக் கரியும் எரிந்து கூரை வெளுக்கும். அடுப்பு தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு தணலை வாரிவிட்டு, தளத்தை ஈரத்துணியால் துடைத்து, மாவை உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார்கள். ரொட்டியை வேகவைப்பது தீ இல்லை, செங்கல் குடித்து வைத்திருக்கும் சூடு. ஒருவகையில் செங்கல் ஒரு பேட்டரி.

பேட்டரி என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும் இல்லையா? சிக்கல் அங்கேதான். முழுக்க ஆறிப்போன அடுப்பைச் சூடேற்றத்தான் விறகு அதிகம் செலவாகும். நேற்று எரிந்த அடுப்புக்கு இன்று கொஞ்சம் போட்டால் போதும். எங்கள் தொழிலில் இதை ‘கோல்டு ஸ்டார்ட்’ என்போம். தூங்கிக்கொண்டிருக்கும் சர்வரை எழுப்பும் முதல் ஆள்தான் அதிகம் காத்திருக்க வேண்டும்.

இடைக்கால பிரான்சில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருந்தது, இனிப்பான தீர்வு அல்ல. ‘ஃபூர் பனால்’ என்பது நிலப்பிரபுவின் அடுப்பு. ஊர்க்காரர்கள் அங்கேதான் ரொட்டி சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் தர வேண்டும். சொந்த அடுப்பு வைத்துக்கொள்ள உரிமை இல்லை. சுரண்டல்தான், சந்தேகமே இல்லை. 1789 ஆகஸ்டில் நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தார்கள். 1793இல் நட்ட ஈடுகூடத் தராமல் மிச்சத்தையும் துடைத்தெறிந்தார்கள். ஆனால் பல ஊர்களில் அடுப்பு மட்டும் நின்றது, இனி ஊர்ச் சொத்தாக. ஆல்ப்ஸ் மலையூர்கள் சிலவற்றில் யார் முதலில் சுடுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானித்திருக்கிறார்கள். முதல் வீட்டுக்குத்தான் விறகு நட்டம். அடுத்து வருகிறவர் முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன சூட்டில் சுடுவார். அந்த அடுப்புகளுக்கு வெப்பக்காப்பு பெரிதாகத் தேவைப்படவில்லை. சூட்டைக் காத்தது வரிசை.

கியூபெக்கில் குடியேறிய பிரெஞ்சு விவசாயிகளுக்கு அந்த வரிசை வசதிப்படவில்லை. பண்ணைகள் ஆற்றங்கரையில் நீளவாக்கில் சிதறிக் கிடந்தன. ஆகவே அவரவர் வீட்டு வெளியிலேயே அடுப்பு. வளைத்த கிளைகளால் கூடு கட்டி, அதன்மேல் வைக்கோல் பிசைந்த களிமண்ணை அப்பி, மழைக்கு மேலே ஒரு கூரை போட்டார்கள். முதல் தீயில் உள்கூடு எரிந்துபோகும், மண் நிற்கும். அழகான பொருள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான் தீ. ஒவ்வொரு முறையும் கோல்டு ஸ்டார்ட். காடு பக்கத்தில் இருந்ததால் சமாளித்தார்கள்.

சூட்டைச் சேமிப்பது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு. கனமான சுவர் முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. இதைச் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் பெஞ்சமின் தாம்ஸன். பின்னாளில் கவுண்ட் ரம்ஃபோர்டு. மாசசூசெட்ஸில் பிறந்து, அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷாருக்கு உளவு பார்த்து, பவேரியாவில் பெரிய பதவிக்கு வந்த மனிதர். மியூனிக்கில் ஏழைகளுக்கான சமையற்கூடம் நடத்தியவரும் அவர்தான். வெப்பமானியைச் சுற்றிப் பட்டு, கம்பளி, பஞ்சு, முயல் ரோமம் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். காப்பது ரோமம் இல்லை, அதற்குள் நகர முடியாமல் சிக்கிக்கொண்ட காற்று என்பது அவர் முடிவு. 1792இல் அவருக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது.

இதே தத்துவத்தின் கட்டடம் ஒன்று சென்னை மெரினாவில் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம். 1842இல் அது ஐஸ் ஹவுஸ். பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் அனுப்பிய ஏரிப் பனிக்கட்டிகள் மரத்தூளுக்குள் பொதிந்து கப்பலில் வந்து இங்கே இறங்கின. மரத்தூளுக்குக் குளிரைக் காக்கிறோமா சூட்டைக் காக்கிறோமா என்றெல்லாம் தெரியாது. இன்றைக்கு வீட்டில் மண் அடுப்பு கட்டுகிறவர்களும் குவிமாடத்துக்கு மேலே அதே மரத்தூளைக் களிமண்ணோடு பிசைந்து பூசுகிறார்கள். சூட்டில் தூள் எரிந்து பொந்தாகும். பொந்துக்குள் காற்று.

தோட்டத்து ஓவனை அமெரிக்காவில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஆலன் ஸ்காட். ஆஸ்திரேலியாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த கொல்லர். டேனியல் விங்குடன் சேர்ந்து அவர் எழுதிய ‘தி பிரெட் பில்டர்ஸ்’ 1999இல் வந்தது. ஊரும் வரிசையும் இல்லாத இடத்தில் செங்கல் அடுப்பை எப்படிச் சூடாக வைத்திருப்பது? அவர் பதில் இரண்டு அடுக்கு: உள்ளே கனமான செங்கல், வெளியே வெர்மிகுலைட். மேலே மட்டும் போதாது, தளத்துக்கு அடியிலும் வேண்டும். அடியை விட்டுவிட்டால் கீழே உள்ள கான்கிரீட் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரொட்டியின் மேல்பகுதி சிவக்கும், அடி வெளுத்துக் கிடக்கும். இன்னொரு எதிரி ஈரம். காற்று இருக்க வேண்டிய பொந்தில் தண்ணீர் புகுந்தால் காப்பு போச்சு. அதனால்தான் புது அடுப்பில் பல நாட்கள் சின்னச் சின்னத் தீ மூட்டி நிதானமாகக் காயவைக்கிறார்கள். அவசரப்பட்டால் உள்ளே நீராவி கட்டி விரிசல் விழும்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வெர்மிகுலைட் தெரிந்திருக்கும். சூடாக்கினால் நெல் பொரிவதுபோல் பொரிந்து விரியும் கனிமம். நம் திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூரில் 1990 வரை ஒரு பெரிய சுரங்கம் ஓடியது. அங்கே கனிமத்தோடு ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் உடுப்பைத் துவைத்த மனைவிகள், தெருவில் விளையாடிய பிள்ளைகள் என்று ஊரே நோயில் விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 2009இல் அந்த ஊருக்கு அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. யாரோ ஒருவர் வீட்டுச் சூட்டை இன்னொரு ஊர் நுரையீரலால் காத்திருக்கிறது.

நிலப்பிரபுவின் அடுப்பு திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டோம். பக்கத்து வீடு செய்த வேலையை இப்போது நான்கு அங்குலக் கனிமம் செய்கிறது, அது நல்ல விடுதலைதான். ஆனால் நன்றாகக் காப்பிட்ட செங்கல் அடுப்பு மறுநாள் காலையிலும் சுடும். ஒரு நாள் விறகுக்கு வரும் சூட்டில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாத அளவு ரொட்டி சுடலாம். அதனால் சொந்தமாக ஓவன் கட்டியவர்களில் பலர் கடைசியில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, “மாவு பிசைஞ்சு எடுத்துட்டு வாங்க, அடுப்பு சூடாத்தான் இருக்கு” என்கிறார்கள்.