இரக்கமும் மறுப்பும்: ஐக்கிய அமெரிக்காவின் பொதுசன அபிப்பிராயமும் ஜேர்மன் அகதிகளும், 1933–1945

'அகதி' என்னும் சொல் கதியற்றவர் என்று பொருள்படுவது. கதி என்பது செல்லும் வழியையும் சேரும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். எனவே ஒருவர் அகதியாவதற்கு இரு தரப்பினர் காரணராகின்றனர்: அவரைத் துரத்துவோர் ஒரு தரப்பினர், அவர் வந்து தட்டும் கதவைத் திறவாதோர் மறு தரப்பினர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறியதன் பின்னர் ஜேர்மனியிலிருந்து வெளியேற முயன்ற யூத மக்களின் வரலாற்றில் முதலாவது தரப்பினரைப் பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது தரப்பினரைப் பற்றிய ஆய்வு பிற்பட்டே தொடங்கிற்று. சனநாயக நாடொன்றில் கதவடைப்பு என்பது ஆட்சியாளரின் முடிவு மட்டுமன்று. அது மக்களின் விருப்பம் என்றும் கூறப்படுகின்றது. அக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை ஐக்கிய அமெரிக்காவை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டத்தின் பின்னணி

ஐக்கிய அமெரிக்கா குடியேற்றவாசிகளால் உருவான நாடு. ஆயினும் முதலாம் உலகப் போரை அடுத்து அங்கு குடிவரவுக்கு எதிரான உணர்வு வலுப்பெற்றது. 1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு கோட்டாவை விதித்தது. அதனைக் கணிப்பதற்கு 1890 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு தெரிவுசெய்யப்பட்டமை தற்செயலானதன்று. தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் பெருந்தொகையாக வந்து சேர்வதற்கு முற்பட்ட காலத்து மதிப்பு அது. ஆசியரோ பெரும்பாலும் முற்றாகவே விலக்கப்பட்டனர். 1929 இல் கணிப்புமுறை திருத்தப்பட்டபோது மொத்தக் கோட்டா ஏறத்தாழ 1,50,000 ஆகவும், ஜேர்மனியின் பங்கு 25,957 ஆகவும், பிரித்தானியாவின் பங்கு 65,721 ஆகவும் அமைந்தன. பிரித்தானியாவின் பங்கிற் பெரும்பகுதி ஆண்டுதோறும் பயன்படாது கிடந்தது. எனினும் ஒரு நாட்டின் எஞ்சிய இடங்களை மற்றொரு நாட்டினருக்கு வழங்கச் சட்டம் இடமளிக்கவில்லை. அகதி என்றொரு தனிப்பிரிவையும் அச்சட்டம் அறிந்திருக்கவில்லை.

1930 இல் பொருளாதார மந்தத்தை முன்னிட்டு சனாதிபதி ஹூவரின் நிர்வாகம் மற்றொரு தடையை இறுக்கியது. பொதுச்செலவுக்குச் சுமையாகக் கூடியவர் எவருக்கும் விசா வழங்கலாகாது என்ற பழைய விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஜேர்மன் அரசு வெளியேறும் யூதரின் சொத்துக்களைப் பறித்துக்கொண்டது. அவ்வாறு பறிக்கப்பட்டு வறியவராக வந்தோரை அமெரிக்க விதி சுமையெனக் கண்டது. இவ்விரண்டுக்குமிடையில் விண்ணப்பதாரர் நெருக்குண்டனர். 1933 இல் ஜேர்மன் கோட்டாவில் பத்திலொரு பங்குதானும் நிரம்பவில்லை என்பது இதன் விளைவை உணர்த்தும். நாட்டில் இடம் இல்லாமையால் அன்றி, இருந்த இடமே வழங்கப்படாமையால் முதலாண்டுகள் கழிந்தன.

2. அபிப்பிராயக் கணிப்புகள் காட்டுவன

1930களின் நடுப்பகுதியில் விஞ்ஞான முறையிலான பொதுசன அபிப்பிராயக் கணிப்பு அமெரிக்காவில் வேரூன்றியது. இதனால் அக்கால மக்களின் மனநிலையை ஊகத்தால் மட்டுமன்றி எண்களாலும் அறிய முடிகின்றது. 1938 மார்ச்சில் ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் 'போர்ச்சூன்' சஞ்சிகை வெளியிட்ட கணிப்பில், நிலவும் சூழ்நிலையில் அகதிகளை வெளியே தடுத்து வைக்க முயலவேண்டும் என்றோர் 67.4 வீதத்தினர். கோட்டாவை உயர்த்தியேனும் அவர்களை வரவேற்கவேண்டும் என்றோர் 4.9 வீதத்தினர் மட்டுமே.

அதே மாதத்தில் பிரான்சின் எவியன் நகரில் சனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அழைப்பின் பேரில் 32 நாடுகள் அகதிகள் பிரச்சினை குறித்துக் கூடின. எந்நாடும் தனது சட்டத்தை மாற்றவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட மாட்டாது என்பது அழைப்பிலேயே உணர்த்தப்பட்டிருந்தது. அநுதாபம் தெரிவித்து உரையாற்றிய பிரதிநிதிகள் தத்தம் நாட்டின் இயலாமைக்குக் காரணம் கூறி அமர்ந்தனர். பெருந்தொகையினரை ஏற்க முன்வந்த நாடு டொமினிக்கன் குடியரசு ஒன்றே.

1938 நவம்பர் 9, 10 ஆந் திகதிகளில் ஜேர்மனியெங்கும் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரியூட்டப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஏறத்தாழ 30,000 ஆண்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். அமெரிக்கப் பத்திரிகைகள் இவற்றை முதற்பக்கத்தில் வெளியிட்டன. செய்தி எட்டவில்லை என்று எவரும் கூறமுடியாது. சில நாட்களின் பின் நடத்தப்பட்ட கலப் கணிப்பில் 94 வீதத்தினர் நாஸிகள் யூதரை நடத்தும் முறையைக் கண்டித்தனர். அக்காலத்தில் நடத்தப்பட்ட கணிப்பிலேயே, யூத அகதிகளைக் கூடுதலாக அனுமதிக்கலாமா என்ற வினாவுக்கு எழுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் 'கூடாது' என்று விடையளித்தனர்.

இவ்விரு விடைகளையும் ஒருசேர நோக்குவது அவசியம். கொடுமையைக் கண்டிப்பது செலவற்றது. கொடுமைக்குள்ளானவருக்கு இடமளிப்பது செலவுடையது. இரக்கம் பொய்யாக இருக்கவில்லை. ஆனால் அவ்விரக்கம் தன் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

3. மறுப்பின் காரணங்கள்

இம்மறுப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் வேலையின்மை. 1938 இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலையற்றிருந்தார். அத்தகைய ஒருவர் வருவோரைப் போட்டியாளராகக் கண்டு அஞ்சியமையை எளிதில் இகழ்ந்துவிட முடியாது. எனினும் வேலையின்மை ஒன்றே காரணமாயின், வேலைக்குப் போட்டியிடாத அகதிகளை மக்கள் ஏற்றிருத்தல் வேண்டும். இதனைச் சோதிக்கும் வாய்ப்பொன்றை வரலாறே வழங்கிற்று.

1939 பெப்ரவரியில் செனற்றர் றொபேட் வாக்னரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஈடித் றொஜர்ஸ் அம்மையாரும் ஒரு மசோதாவைச் சமர்ப்பித்தனர். 14 வயதுக்குட்பட்ட 20,000 சிறுவர்களை ஜேர்மனியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் கோட்டாவுக்குப் புறம்பாக அனுமதிப்பது அதன் நோக்கம். சமயத் தலைவர்கள் பலர் அதனை ஆதரித்தனர். வேலைவாய்ப்பைக் காக்கும் கடமையுடைய இரு பெரும் தொழிற்சங்க சம்மேளனங்களும் ஆதரித்தன. ஆயினும் அதற்கு முன்னரே, 1939 சனவரியில், 10,000 அகதிச் சிறுவரை அனுமதிப்பது பற்றிக் கேட்கப்பட்டபோது 61 வீதத்தினர் மறுத்திருந்தனர். தேசபக்த அமைப்புகள் மசோதாவை மூர்க்கமாக எதிர்த்தன. சிறுவரின் தொகையைக் கோட்டாவுக்குள்ளேயே அடக்கவேண்டும் என்று செனற் குழு திருத்தியது. அவ்வாறாயின் ஒரு சிறுவன் நுழைய ஒரு பெரியவர் நிற்கவேண்டும். எனவே வாக்னரே மசோதாவைக் கைவிட்டார். சனாதிபதி ரூஸ்வெல்ற் வெளிப்படையாக ஆதரவு தெரிவிக்கவில்லை.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தொழிற்சாலை வாயிலில் எவருடைய வேலையையும் பறித்துவிடப் போவதில்லை. ஆகவே வேறொரு காரணத்தைத் தேடவேண்டியுள்ளது. 1938 ஆம் ஆண்டின் கணிப்பொன்றில், ஐரோப்பிய யூதர் தாம் படும் துன்பத்துக்கு முழுமையாகவோ பகுதியாகவோ தாமே காரணர் என்று ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கருதினர். துன்புறுவோரையே துன்பத்துக்குப் பொறுப்பாக்கும் இம்மனப்பாங்கு உதவாதோரின் மனச்சாட்சியை அமைதிப்படுத்தும் இயல்பினது. 1940 இல் இலண்டன்மீது குண்டுவீச்சு அபாயம் சூழ்ந்தபோது பிரித்தானியச் சிறுவரை வரவேற்பதற்காக விசா விதிகள் விரைந்து தளர்த்தப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது. அவர்கள் போர் முடிந்ததும் திரும்பிச் செல்லும் விருந்தினர் எனக் கருதப்பட்டனர் என்பதையும் கூறவேண்டும். ஆயினும் இனம், சமயம் பற்றிய எண்ணம் இவ்வேறுபாட்டில் பங்குகொள்ளவில்லை என்று கூறுவது கடினம்.

4. கப்பலும் கடற்கரையும்

1939 மே 13 ஆந் திகதி ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து 'சென் லூயிஸ்' என்னும் கப்பல் 937 பயணிகளுடன் கியூபாவை நோக்கிப் புறப்பட்டது. பயணிகளுட் பெரும்பாலோர் யூதர். பலர் அமெரிக்கக் கோட்டாவுக்காகக் காத்திருந்தோர். ஹவானாவில் 28 பேர் மட்டுமே இறங்க அனுமதிக்கப்பட்டனர். கப்பல் புளோரிடாக் கரையோரமாகச் சென்றது. பயணிகள் மயாமி நகரின் விளக்குகளைக் கண்டனர். கரையேற அனுமதி கிடைக்கவில்லை. அவர்களுக்குரிய முறை இன்னும் வரவில்லை என்பதே விடை. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியன அவர்களைப் பகிர்ந்து ஏற்றன. பிரித்தானியா தவிர்ந்த ஏனைய மூன்றும் 1940 இல் ஜேர்மனியின் பிடிக்குள் வீழ்ந்தன. திரும்பியோருள் 254 பேர் பின்னர் நாஸிகளின் இனப்படுகொலைக்கு இரையாயினர்.

5. அபிப்பிராயம் காரணமா, போர்வையா?

மேற்கூறியவற்றைக் கொண்டு, மக்கள் விரும்பவில்லை, அரசு கீழ்ப்படிந்தது என்று முடிவு கூறலாம். அம்முடிவு முழுமையானதன்று. முதலாவதாக, சட்டத்தை மாற்றாமலே செய்யக்கூடியவை பல இருந்தன. 1938 இல் ஒஸ்திரியக் கோட்டா ஜேர்மன் கோட்டாவுடன் சேர்க்கப்பட்டு 27,370 இடங்கள் உண்டாக்கப்பட்டன. நவம்பர் சம்பவங்களின் பின், சுற்றுலா விசாவில் வந்திருந்த ஜேர்மன் நாட்டவர் தொடர்ந்து தங்க ரூஸ்வெல்ற் அனுமதித்தார். இச்செயல்களால் எந்த அரசியற் பூகம்பமும் நிகழவில்லை. மறுபுறம், 1940 யூனில் இராசாங்கத் திணைக்களத்தின் உயரதிகாரி பிரெக்கின்ரிட்ஜ் லோங் விசா வழங்கலை நிர்வாக வழிகளால் ஒத்திப்போட்டுக்கொண்டே போகலாம் என்று எழுத்திற் குறிப்பிட்டார். மக்கள் எவரும் வாக்களித்துச் செய்த தீர்மானமன்று அது.

இரண்டாவதாக, அபிப்பிராயம் மாறாப்பொருள் அன்று. பிரித்தானியாவிலும் வேலையின்மை இருந்தது. குடிவரவு எதிர்ப்பும் இருந்தது. எனினும் 1938 நவம்பரில் அரசு சிறுவரை அனுமதிக்க முடிவுசெய்ததும் குடும்பங்கள் முன்வந்தன. போர் மூளும் வரை ஏறத்தாழ 10,000 சிறுவர் ஏற்கப்பட்டனர். அவர்களின் பெற்றோருக்கு அவ்வாறு இடமளிக்கப்படவில்லை என்பது அச்சாதனையின் மறுபக்கம். அமெரிக்காவிலும் 1944 சனவரியில் திறைசேரி அதிகாரிகள் இராசாங்கத் திணைக்களத்தின் தடங்கல்களை அம்பலப்படுத்திய பின் போர் அகதிகள் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தற்காலிக முகாம்களில் அகதிகளுக்கு இடமளிப்பதை 70 வீதத்தினர் ஆதரித்தனர். ஓகஸ்டில் நியூ யோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோவுக்கு 982 பேர் கொண்டுவரப்பட்டனர். அழிந்தோர் தொகையுடன் ஒப்பிடுகையில் அது ஒரு துளி.

முடிவுரை

போரின் கொடுமைகள் யாவும் வெளிப்பட்ட பின்னருங்கூட, 1945 டிசெம்பரில் ஐரோப்பியரை முன்னரிலும் கூடுதலாக அனுமதிக்க விரும்பிய அமெரிக்கர் 5 வீதத்தினரே. எனினும் 1948 இல் இடம்பெயர்ந்தோர் சட்டம் நிறைவேறியது. 1950 இல் அதன் பாரபட்சமான விதிகள் திருத்தப்பட்டன. 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்ற கடப்பாட்டைச் சர்வதேச சட்டமாக்கியது. நாடுவாரியான கோட்டா முறை 1965 இல் ஒழிக்கப்பட்டது. இவை எவையும் கணிப்பு எண்கள் மாறும்வரை காத்திருந்து செய்யப்பட்டவையல்ல.

பொதுசன அபிப்பிராயம் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கேட்கப்படும் வினாவாலும், தலைவர்களின் பேச்சாலும் மௌனத்தாலும், ஏற்கனவே உள்ள சட்டத்தாலும் உருப்பெறுவது. அதனை இயற்கை நியதிபோல் கொண்டு 'மக்கள் ஒப்பார்' என்று கூறுவோர், மக்களிடம் எப்பொழுது, என்ன சொல்லிக் கேட்டனர் என்ற வினாவுக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவர். 1939 இல் அவ்வினாவை வாஷிங்ரனில் எவரும் உரக்க எழுப்பவில்லை. அக்கோடையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜேர்மன் கோட்டாவின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். செப்ரெம்பரில் போர் மூண்டது.