இராஜாஜி–காமராசர் போர்க்காலப் பிணக்கு (1940–1946)

இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் தமிழ்நாடு காங்கிரசின் பழைய தலைமைக்கும் புதிய தலைமைக்கும் இடையே வெளிப்படையாக நடந்த அரசியல் மோதல் இது. ஒருபுறம் நின்றவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி. 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுவே பெயர். மறுபுறம் நின்றவர் 1940இல் மாகாணக் காங்கிரசின் தலைவரான விருதுநகர் கு. காமராசர். நாட்டின் வாசலில் போர் நின்ற நேரத்தில், தன் கைவிட்டுப் போன கட்சியின் பாதை தவறானது என்று இராஜாஜி மேடை மேடையாகப் பேசினார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின் முன்னும் பின்னும் நிகழ்ந்த இந்தப் பிளவு, அடுத்த கால் நூற்றாண்டுத் தமிழக அரசியலுக்கு வழி வகுத்தது.

தலைமை கைமாறிய விதம்

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை நடத்திய நாளிலிருந்து தமிழ்நாட்டுக் காங்கிரசில் இராஜாஜியின் சொல்லே ஓங்கி நின்றது. அவருக்கு ஈடுகொடுத்து நின்ற ஒரே ஆள் தீரர் சத்தியமூர்த்தி. ஆறாண்டுப் பள்ளிப்படிப்போடு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்ற காமராசர், சத்தியமூர்த்தியின் அணியில் வளர்ந்தவர். 1936இல் சத்தியமூர்த்தி மாகாணத் தலைவரானபோது காமராசர் செயலாளர். 1937 தேர்தலில் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார்.

1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. அக்டோபர் இறுதியில் இராஜாஜியும் பதவி துறந்தார். சில மாதங்களில், 1940 தொடக்கத்தில், மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தல் வந்தது. இராஜாஜி ஆதரித்தவர் கோவை சி. பி. சுப்பையா. எதிர்த்து நின்ற காமராசருக்கு அப்போது வயது 36. வெற்றி வித்தியாசம் மூன்றே வாக்குகள். வழிகாட்டியான சத்தியமூர்த்தி, மாணவரின் தலைமையின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார்.

போர்நிதியும் விருதுநகரும்

போர்ச்செலவுக்கு ஆளுநர் ஆர்தர் ஹோப் மாகாணமெங்கும் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் காசு கொடுக்காதீர்கள் என்று காமராசர் பேசினார். சொந்த ஊர்ப்பக்கத்தில் இது எளிதான பேச்சு அல்ல. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து வணிகக் குடும்பங்களில் செல்வாக்குள்ள பலர் போர் முயற்சியை ஆதரித்த நீதிக்கட்சியின் பக்கம் நின்றவர்கள். கோயில் நுழைவு மறுப்பையும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தையும் மறவாத நாடார் சமூகத்துப் பெரியவர்களுக்கு, பிராமணர் தலைமையில் வளர்ந்த காங்கிரஸ் மீது நெடுங்காலம் நம்பிக்கை பிறக்கவில்லை. அரசோடு ஒத்துப்போக வேண்டிய தேவையும் வணிகத்துக்கு இருந்தது. 1923 முதல் தீப்பெட்டி செய்துவந்த சிவகாசியில் பட்டாசுத் தொழில் காலூன்றிய காலம் இது. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் அத்தொழிலை உரிம முறைக்குள் கொண்டுவந்தன. வெடியுப்பும் கந்தகமும் வைத்துப் பிழைக்கும் ஊரில், போர்க்காலத்தில், சர்க்காரின் தயவு யாருக்கும் வேண்டியிருந்திருக்கும். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர்தான் போர்நிதிக்கு எதிராகப் பேசினார்.

1940 டிசம்பரில், போரை எதிர்த்து நடந்த தனிநபர் சத்தியாகிரகத்தில் இறங்கவிருந்தவர்களின் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் பெற வார்தா போகும் வழியில், குண்டூரில் காமராசர் கைதானார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அதே மாதம் அந்தச் சத்தியாகிரகத்தில் இராஜாஜியும் சிறை சென்றார். பின்னாளில் எதிரெதிராக நின்ற இருவரும் அந்த டிசம்பரில் ஒரே காரணத்துக்காக உள்ளே போனவர்கள் என்பதை மறக்கக்கூடாது. காமராசர் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஊர் திரும்பியதும் நகராட்சிக்குப் போய்ப் பதவியிலிருந்து விலகினார். முழுமையாக உழைக்க முடியாத பொறுப்பை வைத்திருக்கக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

1942: வெளிப்படையான முறிவு

1942 மார்ச்சில் இரங்கூன் விழுந்தது. பர்மாவில் பிழைத்த தமிழர்கள் காட்டுவழியே நடந்து ஊர் சேர்ந்தார்கள்; வழியில் மாண்டவர்கள் ஏராளம். பர்மா அரிசி நின்றுபோனது. அதே மாதம் அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டைமுடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சும் முறிந்திருந்தது.

இந்தச் சூழலில்தான் இராஜாஜியின் வாதம் பிறந்தது. படையெடுப்பு வந்தால் மக்களைக் காக்க ஒரு தேசிய அரசு வேண்டும். அதற்கு முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு வேண்டும். உடன்பாட்டுக்கு விலை, முஸ்லிம் பெரும்பான்மைப் பகுதிகள் பிரிந்துபோகும் உரிமையைக் கொள்கையளவில் ஏற்பது என்றால் அந்த விலையையும் கொடுக்கலாம் என்றார். ஏப்ரல் 23 அன்று சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி, லீக்கின் கோரிக்கையை ஏற்கவும் சென்னையில் மீண்டும் மக்களாட்சி அமைக்கவும் பரிந்துரைக்கும் தீர்மானங்களை நிறைவேற்றினார். சில நாள் கழித்து அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு அவர் கருத்தைத் தள்ளியது; ஆதரித்தவர்கள் 15 பேர், எதிர்த்தவர்கள் 120 பேர். இராஜாஜி காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். பிரசாரத்தைத் தடையின்றி நடத்த விரும்பினால் கட்சியை விட்டு வெளியேறுவதே முறை என்று காந்தி அறிவுரை சொன்னார். ஜூலையில் கட்சியையும் சட்டமன்ற இடத்தையும் இராஜாஜி துறந்தார்.

இடைப்பட்ட மாதங்களில் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் சினந்திருந்தார்கள். பம்பாயில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் மீது தார் வீசப்பட்டது. பின்வாங்கவில்லை. ஆட்சியை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இல்லாதபோது 'வெளியேறு' என்பது நாட்டைக் குழப்பத்தில் தள்ளும் என்று ஜூலையில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து காந்திக்குக் கடிதம் எழுதினார். பதவி ஆசை, பிரிட்டிஷ் சார்பு என்று அன்று அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் நியாயமற்றவை. ஆட்சிப் பதவியைத் துறந்தவர், சிறை கண்டவர், இப்போது கட்சியையும் மக்கள் மதிப்பையும் சேர்த்து இழந்தவர். ஆதாயம் தேடுபவன் போகும் வழி அது அல்ல.

காமராசர் எடுத்த வழி வேறு. ஆகஸ்ட் 8 அன்று 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய பம்பாய்க் கூட்டத்தில் கலந்துகொண்டு திரும்பியபோது, தலைவர்கள் எல்லாரும் வளைக்கப்படுவதை அறிந்தார். சென்னை வரை வராமல் அரக்கோணத்தில் இறங்கினார். இராணிப்பேட்டை, வேலூர், தஞ்சை, திருச்சி, மதுரை என்று தொண்டர்களைச் சந்தித்துப் போராட்டப் பொறுப்புகளை ஒப்படைத்தார். வேலை முடிந்தபின் விருதுநகர் வந்து, 'நான் தயார், கைது செய்யலாம்' என்று காவல்துறைக்குச் சொல்லியனுப்பினார். வேலூர்ச் சிறை, பிறகு மத்திய மாகாணத்து அமராவதிச் சிறை என்று 1945 ஜூன் வரை உள்ளே இருந்தார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவகோட்டையும் திருவாடானையும் பற்றியெரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமராவதிச் சிறையில் நோயுற்ற சத்தியமூர்த்தி 1943 மார்ச் 28 அன்று சென்னை மருத்துவமனையில் காலமானார். சீடரால் கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை.

சிறைக்கு வெளியே ஒரு குரல்

1942 ஆகஸ்டுக்குப் பிறகு இராஜாஜி வெளியே இருந்தார். நவம்பரில் காந்தியைச் சந்திக்க வைசிராயிடம் அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. 1943 பிப்ரவரியில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது சந்தித்து, முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களில் பொதுவாக்கெடுப்பு நடத்தும் தம் திட்டத்துக்கு அவர் இசைவைப் பெற்றார். 1944 ஜூலையில் வெளியான அத்திட்டமே 'இராஜாஜி சூத்திரம்'. அதை வைத்துச் செப்டம்பரில் காந்திக்கும் முஸ்லிம் லீக் தலைவர் ஜின்னாவுக்கும் நடந்த பேச்சு தோற்றது. மூன்றாண்டு கழித்து நாடு பிரிந்தே போனது. ஏப்ரல் 23 தீர்மானத்தைத் துரோகம் என்றவர்கள், 1947இல் அதைவிடக் கசப்பான பிரிவினையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

போரின் நடுவே முன்னாள் தலைவர் இந்நாள் தலைமையைக் கடிவது உலகில் புதிதல்ல. 1940 மே 8 அன்று முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், நார்வேத் தோல்வி மீதான விவாதத்தில், அன்றைய பிரதமர் சேம்பர்லின் பதவியைத் துறக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அவர் முன்னாலேயே பேசினார். இரண்டு நாளில் சேம்பர்லின் விலகினார். அங்கே விமர்சிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் இருந்தது. தமிழ்நாட்டில் பதில் சொல்ல வேண்டியவர்கள் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். வெளியே இருந்த ஒருவரே பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு இருந்தாலும், தடியடி பட்ட தொண்டனின் காதில் அது எதிரியின் குரலாகவே விழுந்தது. இராஜாஜியின் அறிவு வென்ற இடத்தில் அவர் அரசியல் தோற்றது இதனால்தான்.

மீள்வருகையும் 'கும்பல்' சர்ச்சையும்

சிறைக் கதவுகள் திறந்தன. இராஜாஜியை மீண்டும் கட்சியில் சேர்க்க அகில இந்தியத் தலைமை விரும்பியது. 1945 அக்டோபர் இறுதியில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் தொண்டர் மாநாடு அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1942இல் ஒதுங்கி நின்றவர் 1945இல் தலைமை தாங்குவதா என்பதே அவர்களின் கேள்வி. அதில் பிராமணர், பிராமணரல்லாதார் பிரச்சினையும் கலந்திருந்தது.

1946 தொடக்கத்தில் இந்திப் பிரசார சபை வெள்ளிவிழாவுக்குச் சென்னை வந்த காந்தி, மதுரைக்கும் பழநிக்கும் ரயிலில் போனார்; காமராசரும் உடன் இருந்தார். ஊர் திரும்பியபின் காந்தி 'ஹரிஜன்' இதழில், இராஜாஜியே தகுதியானவர் என்றும், அவருக்கு எதிராக ஒரு கும்பல் வேலை செய்கிறது என்றும் எழுதினார். மூன்றாண்டுச் சிறைக்குப் பின் வந்த இச்சொல் காமராசரை ஆழமாகப் புண்படுத்தியது. தேர்தல் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து விலகினார். ஆனால் காந்தியின் தலைமையை மறுக்கவில்லை. மாகாணத் தலைமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரலில் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் நிறுத்திய முத்துரங்க முதலியாரை ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் 82–69 என்ற கணக்கில் தோற்கடித்தார். இராஜாஜியின் ஆதரவாளர்கள் ஒதுங்கி நின்றதே முடிவைத் தீர்மானித்தது. ஓராண்டில் பிரகாசம் ஆட்சி விழுந்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் வந்தபோது காமராசரின் கை ஓங்கியது.

பின்விளைவுகள்

1952இல் பெரும்பான்மை இல்லாத காங்கிரசைக் காப்பாற்ற இராஜாஜியே முதலமைச்சராக அழைக்கப்பட்டார். புதிய தொடக்கக்கல்வித் திட்டம் கிளப்பிய எதிர்ப்பில் அவர் விலக, 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 1959இல் இராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1962 சீனப் போரின்போது, இம்முறை நேருவின் பாதுகாப்புக் கொள்கையைக் கடிந்து, போர்க்கால விமர்சகராக மீண்டும் நின்றார். சென்னையில் ஆட்சியில் இருந்தவர் காமராசர். 1967 தேர்தலில் இராஜாஜி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார்.

1971 தேர்தலில் இருவரும் ஒரே அணியில் நின்றார்கள். காங்கிரஸ் பிளவுபட்டபின் காமராசர் நின்ற பழைய காங்கிரசும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் சேர்ந்த அந்தக் கூட்டணியைத் தமிழகம் ஏற்கவில்லை. இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்றும், காமராசர் 1975 அக்டோபர் 2 அன்றும் காலமானார்கள்.