உடப்புசல்லாவை மலைப்பகுதியில் வால்வெள்ளி நோக்கலும் ஒளிப்படமெடுத்தலும்

வால்வெள்ளி என்பது சூரியக் குடும்பத்தின் புறவெளியிலிருந்து நீண்டு ஒடுங்கிய பாதையில் சூரியனை அண்மிக்கும் சிறு விண்பொருளாகும். சூரியனை நெருங்குகையில் அதனுள் உறைந்திருக்கும் பனியும் வாயுக்களும் ஆவியாகித் தூசியையும் வெளித்தள்ளுவதால் அது ஒளிமிக்க தலையையும் வாலையும் பெறுகிறது. தமிழகத்தார் இதனை வால் நட்சத்திரம், வால்மீன் என்று வழங்குவர். பழைய நூல்களில் தூமகேது, புகைக்கொடி என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த உடப்புசல்லாவை, வெறுங்கண்ணுக்குத் தெரியும் வால்வெள்ளிகளை நோக்குவதற்கும் படமெடுப்பதற்கும் இயற்கையாகவே வாய்ப்பான இடமாகும். அவ்வாய்ப்பு அதன் அகலாங்கு, உயரம், மலைச்சரிவின் திசை, பருவக்காற்றின் போக்கு ஆகிய நான்கும் ஒருங்கே சேர்வதால் ஏற்படுவது.

இடத்தின் இயல்பு

உடப்புசல்லாவை வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஒளிமிக்க வால்வெள்ளிகள் பெரும்பாலும் சூரியனுக்கு அண்மையில் இருக்கும்போதே மிகுந்த ஒளி பெறுவதால், அவற்றை விடியலுக்கு முன்னரோ அந்திக்குப் பின்னரோ அடிவானத்தை ஒட்டியே காண வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் சூரிய வீதி, அதாவது வானில் சூரியன் ஓராண்டில் கடந்து செல்வதாகத் தோன்றும் பாதை, அடிவானத்தோடு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவுக்கு வால்வெள்ளி உயரத்தில் தெரியும். இலண்டன் போன்ற வடநகரங்களில் இக்கோணம் சில மாதங்களில் 15 பாகை வரை சாய்ந்துவிட, உடப்புசல்லாவையில் அது எந்நாளிலும் ஏறத்தாழ 60 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. அந்தியொளியும் இங்கு விரைவில் மறைகிறது; சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கி வானம் முழுமையாக இருள்வதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஆகிறது. வடக்கு வானத்தைப் போலவே தெற்கு வானத்தின் மிகப் பெரும் பகுதியும் இங்கிருந்து தெரிவதால், ஐரோப்பாவில் அறவே புலப்படாத தென்திசை வால்வெள்ளிகளையும் இம்மலையில் நின்று காணலாம்.

இலங்கைத் தேயிலை வகைப்படுத்தலில் தனி வலயமாகவே எண்ணப்படும் உடப்புசல்லாவைப் பிரதேசம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீற்றர் முதல் 1,600 மீற்றர் வரை உயர்ந்து செல்கிறது. 1,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதன் ஆறில் ஐந்து பங்கே என்பதால், அடிவானத்தருகே ஒளியை விழுங்கும் காற்றுப்படலமும் அதற்கேற்பக் குறைகிறது. மேற்கே இராகலை, கந்தப்பளை மலைகளும் அவற்றுக்கு அப்பால் 2,524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகலையும் நிற்க, கிழக்கே நிலம் ஊவா மாகாண எல்லையை நோக்கித் தாழ்ந்து விரிகிறது. ஆகவே இவ்வூர் அடிப்படையில் விடியற்கால வால்வெள்ளிக்குரிய ஊர் எனலாம். அந்தி வால்வெள்ளி மேற்கு முகடுகளுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும் அபாயம் இங்கு உண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டும் தோட்டத்து மக்கள், நகரத்தார் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் கிழக்கு வானத்தைப் பார்க்கும் நிலையில் இருக்கிறார்கள் என்பதும் இங்கு கருதத்தக்கது.

பருவக்காற்று இதனினும் முக்கியமானது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகடுகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரம் வற்றிய காற்றாக வீசுகிறது. கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் என்று அழைப்பதும் இவ்வறண்ட காற்றையே. மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன் பக்கம் மழையில் நனைந்திருக்கும் யூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் உடப்புசல்லாவையில் வரண்ட குளிரும் தெளிந்த வானமும் கிடைப்பதற்கு இதுவே காரணம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின், ஆண்டின் முதற்காலாண்டில் மற்றொரு வரண்ட காலம் வருகிறது. கொழுந்துக்கு நறுமணமும் சுவையும் கூடித் தேயிலை உயர்ந்த விலை பெறும் பருவங்களும் இவ்விரண்டுதாம். தொழிற்சாலையின் தரப் பருவமும் வானத்தின் தெளிவுப் பருவமும் ஒரே காற்றினால் அமைவதால், நல்ல தேயிலை வரும் மாதங்களை அறிந்த தோட்டத்துக்காரர் ஒருவருக்கு வால்வெள்ளி பார்க்க உகந்த மாதங்களைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

வரலாற்றில் சில தோற்றங்கள்

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, புகைக்கொடி தோன்றுவதை வறட்சிக்குரிய தீக்குறிகளுள் ஒன்றாக எண்ணி, அவ்வாறு தோன்றினாலும் குடகுமலையில் பெய்யும் மழையால் காவிரி பொய்ப்பதில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. வால்வெள்ளி கேட்டின் அறிகுறி என்னும் நம்பிக்கை மலையகத்திலும் வழங்கி வந்துள்ளது. 1882 செப்டெம்பரில் பகலிலும் தெரியுமளவு ஒளிர்ந்த பெரும் வால்வெள்ளி விடியற்கால வானில் நின்றபோது, இலங்கையில் கோப்பிப் பயிர் இலைத்துரு நோயால் அழிந்துகொண்டிருந்தது. தேயிலை அப்போதுதான் அதன் இடத்தைப் பிடித்து வந்தது. வால்வெள்ளியையும் கோப்பியின் அழிவையும் முடிச்சுப் போடுவது எளிது. ஆனால் அத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869இல், அதாவது வால்வெள்ளிக்கு 13 ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை நோக்கினால், குற்றம் பூஞ்சணத்தினுடையதே அன்றி வானத்தினுடையது அன்று என்பது தெளிவாகும்.

அந்த 1882 வால்வெள்ளியே ஒளிப்பட வரலாற்றிலும் திருப்புமுனையாக அமைந்தது. 1858இல் தோன்றிய டொனாட்டி வால்வெள்ளியை இங்கிலாந்தில் வில்லியம் அஷர்வுட் படமெடுத்ததே இவ்வகையில் முதல் முயற்சி. 24 ஆண்டுகளின் பின் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்தில் டேவிட் கில் எடுப்பித்த படங்களில் வால்வெள்ளியோடு பின்னணி விண்மீன்களும் ஏராளமாகப் பதிந்திருந்தமை, வானம் முழுவதையும் ஒளிப்படத்தால் வரைபடமாக்கலாம் என்னும் எண்ணத்தைத் தூண்டியது. 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது, உடப்புசல்லாவையைப் போலவே தென்னாசிய வெப்பவலயத்து மலையூரான கொடைக்கானலின் சூரிய வானாய்வகத்தில் அது படமெடுக்கப்பட்டது. சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தகடொன்றிலேயே புதிய வால்வெள்ளியைக் கண்டார்; அது பாப்பு–பொக்–நியூகேர்க் வால்வெள்ளி என்று மூவர் பெயரால் வழங்குகிறது.

ஹேலி 1986இல் மீண்டும் வந்தபோது இலங்கையின் அகலாங்கு பெரும் பேறாக அமைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அது பூமிக்கு மிக அண்மையில் வந்தபோது வான நடுவரைக்கு ஏறத்தாழ 47 பாகை தெற்கே இருந்தமையால், இலண்டனில் அடிவானத்துக்கு மேலே எழவேயில்லை. 7 பாகை அகலாங்கிலோ தென்வானில் 36 பாகை உயரம் வரை ஏறியது. மாறாக, 2020 யூலையில் தோன்றிய நியோவைஸ் வால்வெள்ளி வடதிசையில் நெடுந்தொலைவு விலகி இருந்ததால், ஐரோப்பாவிலும் வட இந்தியாவிலும் நன்கு தெரிய, இலங்கையில் வடமேல் அடிவானத்தருகே தாழ்ந்தே நின்றது.

அண்மைக் காலத்தில் இப்பகுதிக்கு மிகப் பொருத்தமாக வந்தது சுச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி. 2023 சனவரியில் சீனாவின் ஊதாமலை வானாய்வகமும், அடுத்த மாதம் தென்னாபிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் அதனைத் தனித்தனியே கண்டறிந்தன. 2024 செப்டெம்பர் 27இல் அது புதன் கோளின் சராசரித் தொலைவுக்கு ஒத்த தூரத்தில் சூரியனைச் சுற்றித் திரும்பியது. செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் உதிப்பதற்கு முன் கிழக்கில் எழுந்து, பின்னர் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட பக்கத்தில் கடந்து, ஒக்டோபர் 12 அளவில் பூமிக்கு 71 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில் மாலை வானுக்கு மாறியது. கிழக்குத் தோற்றம் தரப் பருவத்தின் கடைக்கூற்றில் அமைந்தது. மாலைத் தோற்றமோ, பிற்பகல் இடிமழை வழக்கமான பருவக்காற்று இடைக்காலத்தில் விழுந்ததோடு, ஒக்டோபர் 17 வப் பௌர்ணமியின் நிலவொளியிலும் சிக்கியது. உலக அளவில் மாலைத் தோற்றமே பெரிதும் பேசப்பட்டது. உடப்புசல்லாவைக்கு உரியது காலைத் தோற்றம்.

நோக்கும் முறை

நோக்கும் இடத்தை முந்திய பகலிலேயே தேர்ந்து கொள்ளல் வேண்டும். காற்றடங்கிய தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தேங்கிப் பனிமூட்டமாவதால், தாழ்ந்த பள்ளங்களைத் தவிர்த்துக் கிழக்குத் திறந்த முகட்டு வீதிகளை நாடுவதே நலம். இருளுக்குக் கண் முழுதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்கிடையே வெண்ணொளி டோர்ச்சை ஏற்றினால் பழக்கம் கலைந்துவிடும் என்பதால் சிவப்புத் தாள் சுற்றிய விளக்கே பயன்படுத்தப்படுகிறது. மங்கிய வாலை நேரே உற்றுநோக்குவதிலும், பார்வையைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் நோக்குவது பயனுள்ளது. விழித்திரையின் நடுப்பகுதியைவிட அதன் சுற்றுப்பகுதி மெல்லொளியை நன்கு உணர்வதே இதற்குக் காரணம். 7×50 அல்லது 10×50 அளவுள்ள பைனாகுலர், பரந்த பார்வைப் பரப்பினால், சிறு தொலைநோக்கியைவிட இதற்கு ஏற்றது. ஆனால் சூரியன் எழும் நேரம் நெருங்கியதும் அதனைக் கீழே வைத்துவிட வேண்டும்; பைனாகுலர் வழியே சூரியனைக் கணப்பொழுது கண்டாலும் கண்ணுக்கு நிலையான கேடு விளையும்.

இப்பகுதித் தேயிலை மலைகளில் சிறுத்தைகள் நடமாடுவதுண்டு. எனவே இருட்டில் செடிகளுக்கிடையே தனியே செல்லாமல், வீதியோரத்தில் பலராகக் கூடி நிற்பதும், தோட்ட நிருவாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவசியம்.

ஒளிப்படமெடுத்தல்

வால்வெள்ளியின் தலை பெரும்பாலும் பச்சை நிறம் காட்டுகிறது; ஈரணுக் கார்பன் மூலக்கூறுகள் சூரிய ஒளியால் கிளர்ந்து உமிழும் ஒளி அது. தூசியாலான வால் சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்து மஞ்சள் கலந்த வெண்மையாக வளைந்து தெரிய, மின்னேற்றம் பெற்ற வாயுவாலான வால் சூரியக் காற்றினால் உந்தப்பட்டு நீலநிறத்தில் நேராக நீளும். மெல்லொளியில் மனிதக் கண் நிறத்தை அறிவதில்லையாதலால் இவ்வேறுபாட்டைக் கமராவே வெளிக்கொணர்கிறது.

புவிச்சுழற்சியால் வானம் நொடிக்கு 15 பாகைநொடி வீதம் நகர்வதாகத் தோன்றுவதால், நிலையாக நிறுத்திய கமராவில் திறப்பு நேரம் கூடினால் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். முழுச்சட்டக் கமராவுக்கு, 500ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்து வரும் விடையை நொடிகளில் திறப்பு நேரமாகக் கொள்வது பழைய வழக்கு. 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 10 நொடியும், 200 மில்லிமீற்றருக்கு இரண்டரை நொடியும் இவ்வாறு கிடைக்கும். இன்றைய நுண்ணிய உணரிகளுக்கு இது மிகை. 300ஐ வகுத்துக் கொள்வதே தெளிவான படத்தைத் தரும். வில்லையின் துவாரத்தை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. உணர்திறனை 1600 முதல் 3200 வரை வைத்து, ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெருப்பித்துக் கையால் குவியம் செய்து, கமராவைத் தொடும் அதிர்வு விழாதபடி நேரங்குறித்த பொத்தானால் இயக்க வேண்டும். விடியல் வெளுக்கத் தொடங்கியதும் நேரத்தையும் உணர்திறனையும் படிப்படியாகக் குறைத்தல் இன்றியமையாதது. இரவுப் பயன்முறையுள்ள கைத்தொலைபேசியும் முக்காலியில் நிறுத்தப்பட்டால் ஒளிமிக்க வால்வெள்ளியைப் பதியும்.

ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துக் கணினியில் அடுக்கினால் படத்தின் இரைச்சல் குறையும். 16 படங்களை அடுக்கினால் அது நான்கிலொன்றாகிறது. வால்வெள்ளி விண்மீன்களுக்கிடையே தானும் நகர்வதால், விண்மீன்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும் அடுக்கும், வால்வெள்ளியின் தலையைப் பொருத்தும் அடுக்கும் வெவ்வேறாகச் செய்யப்படுகின்றன. வானோடு சேர்ந்து சுழலும் தாங்கி நீண்ட திறப்பு நேரத்துக்கு வழிசெய்யும். ஆனால் அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்ப வேண்டியிருக்க, இங்கு அவ்விண்மீன் வடக்கே ஏறத்தாழ 7 பாகை உயரத்திலேயே நிற்பதால் மலைமுகட்டினாலோ மரங்களாலோ மறைக்கப்படுவது வழக்கம். அந்நிலையில் திசைகாட்டியால் வடக்கை அறிந்து, காந்த விலக்கத்தைத் திருத்தி, அச்சின் சாய்வை அகலாங்குக்கு ஏற்ப 7 பாகையாக அமைத்து, விண்மீன் விலகும் போக்கைக் கண்டு சிறிது சிறிதாகச் சரிசெய்வதே வழி. இப்பொறுமை வேண்டாதோர் தாங்கியின்றிக் குறுநேரப் படங்கள் பலவற்றை எடுத்து அடுக்குவதே மேல்.

மலையகத்தில் கமராவின் பெரும்பகை பனியீரம். குளிர்ந்த வில்லையில் படியும் ஈரம் சில நிமிடங்களில் படத்தை மங்கச் செய்துவிடுவதால், வில்லையைச் சுற்றி மெல்லிய வெப்பப் பட்டி கட்டுவதும், மாற்று மின்கலங்களைச் சட்டைப்பையில் உடற்சூட்டில் வைத்திருப்பதும் வழக்கம்.

எடுத்த படத்தோடு நாள், நேரம், இடம், குவியத்தூரம், திறப்பு நேரம், நிலவின் நிலை ஆகியன பதியப்பட்டால், வாலின் நீளத்தையும் திசையையும் பிற்பாடு அளக்க முடியும். 50 மில்லிமீற்றர் வில்லை முழுச்சட்டக் கமராவில் ஏறத்தாழ 40 பாகைக்கு 27 பாகை வானத்தைக் காட்டுமாதலால், படத்தில் வால் பிடிக்கும் பங்கைக் கொண்டு அதன் நீளத்தைப் பாகையில் கணிக்கலாம்.

ஹேலி வால்வெள்ளி உதிர்த்துச் சென்ற துகள்கள் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் கும்பராசித் திசையிலிருந்து எரிகற்களாக விழுவதை இம்மலைகளிலிருந்து விடியலுக்கு முன் காணலாம். ஹேலி அடுத்துச் சூரியனை அண்மிப்பது 2061 யூலை இறுதியில். 1986இல் பூமிக்கு நேர்மறு பக்கத்தில் சூரியனைச் சுற்றிய அது, அம்முறை பூமி இருக்கும் பக்கத்திலேயே சுற்றுவதால் மேலும் ஒளியுடன் தோன்றும் எனக் கணிக்கப்படுகிறது. அக்காலம் உடப்புசல்லாவையின் வரண்ட பருவத்திலேயே அமைகிறது.