ரயிலில் வளர்ப்பு நாய்கள்

இந்திய ரயில்களில் வளர்ந்த நாயைக் கூட்டிச் செல்ல இரண்டே வழிகள்தாம். முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும். டூ டயர் ஏசி, த்ரீ டயர் ஏசி, சேர் கார், ஸ்லீப்பர், பொதுப் பெட்டி எதிலும் அதற்கு அனுமதி இல்லை. கூடையில் அடங்கும் சிறு குட்டியை மட்டும் லக்கேஜ் கட்டணம் செலுத்தி எந்த வகுப்பிலும் எடுத்துச் செல்லலாம்.

அறை பிடிப்பது காசு இருந்தால் மட்டும் நடந்துவிடும் காரியமல்ல. முதல் வகுப்பு ஏசியில் கூபே என்றால் இரண்டு படுக்கை, கேபின் என்றால் நான்கு. தனியாகப் போகிறவரும் கூபேக்காக இரண்டு டிக்கெட் எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தாலும், எந்த அறை கிடைத்தது என்பது சார்ட் தயாரான பிறகுதான் தெரியும். சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகிறவர், கூபே வேண்டுமென்று பிஎன்ஆர் எண்ணோடு ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து பார்சல் ஆபீஸ். தடுப்பூசி விவரமும், பயணத்துக்குச் சற்று முன் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். நாயை யாரும் தராசில் ஏற்றுவதில்லை. சிப்பிப்பாறையானாலும் லாப்ரடாரானாலும் முதல் வகுப்பில் 60 கிலோ, கார்டு வேனில் 30 கிலோ என்று கணக்கு வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள்.

நாய்ப் பெட்டி பயணிகள் பெட்டியிலிருந்து தள்ளி, பெரும்பாலும் வண்டியின் ஒரு கோடியில் இருக்கும். கம்பிக் கதவு போட்ட குறுகிய அடைப்பு அது. ஏசி கிடையாது. நடுவழியில் தண்ணீர் வைப்பதும் சோறு வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. வண்டி நிற்கிற சில நிமிடங்களுக்குள் நடைமேடையில் ஓடிப்போய்த்தான் இதைச் செய்ய வேண்டும். நாய்க்கு ஏதேனும் நேர்ந்தாலும் ரயில்வே பொறுப்பேற்காது. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் அதிலும் திணறும். சித்திரை வெயிலில் பகல் வண்டியின் நாய்ப் பெட்டியில் அவற்றை ஏற்றவே கூடாது.

ஒரு முழு அறைக்கும் ஒரு இரும்பு அடைப்புக்கும் நடுவே வேறு ஏற்பாடே இல்லை என்பதுதான் இந்த விதிகளின் பெரிய குறை. ஊர் மாற்றலாகிப் போகும் நடுத்தரக் குடும்பத்தைத்தான் இது அதிகம் பாதிக்கிறது. சுவிட்சர்லாந்தில் தோள் உயரம் 30 சென்டிமீட்டர் வரையுள்ள நாய் கூடைக்குள் இருந்தால் கட்டணமில்லை. பெரிய நாய்க்கு அரை டிக்கெட் எடுத்து சாதாரணப் பெட்டியிலேயே கூட்டிப் போகலாம். அடிக்கடி பயணம் செய்கிற நாய்க்கு ஆண்டுச் சீட்டே உண்டு. ஜெர்மனியில் பெரிய நாய்க்கு டிக்கெட்டோடு வாய்ப்பூட்டும் கயிறும் கட்டாயம்.

எந்த வண்டியானாலும், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இலேசாகச் சோறு வைத்து, நன்றாக நடக்க விட்டுக் கூட்டி வருவது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அது மூச்சையும் உடல் சூட்டையும் பாதிக்கக்கூடும்.