தேக்கும் இரு நாடுகளின் கணக்கும்
ஏற்றுமதிப் பெறுமதி அட்டவணைகள் நாடுவாரியாகத் தயாரிக்கப்படுபவை. ஒரு நிரலில் பர்மா, அடுத்த நிரலில் சீயம் (பின்னைய தாய்லாந்து) என ஆண்டுதோறும் தொகைகள் தரப்படும்போது, இரு தேசியப் பொருளாதாரங்கள் தம்முள் போட்டியிட்டன என்ற எண்ணமே தோன்றுகின்றது. தேக்கைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது என்பதே நமது கருத்தாகும்.

பிரித்தானிய மூலதனம் பர்மியக் காடுகளை நாடியமைக்கு, கப்பற் கட்டுமானத்துக்காக மலபார்த் தேக்கு வெட்டித் தீர்க்கப்பட்டமையும் ஒரு காரணமாகும். ('டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே தேக்கு என்பது போர்த்துக்கேயர் வாயிலாகச் சென்று திரிந்ததுதான்.) 1826 இல் தெனாசரிமும் 1852 இல் பெகுவும் கைப்பற்றப்பட்டன. பம்பாய் பர்மா வர்த்தகக் கூட்டுத்தாபனம் உரிய தீர்வை செலுத்தாது மரங்களை அகற்றியதென 1885 இல் மண்டலே அரசவை விதித்த, ஏறத்தாழ 23 இலட்சம் ரூபா தண்டம் மூன்றாம் போருக்குச் சாட்டாயிற்று. சீயத்திலோ போர் தேவைப்படவில்லை. 1855 ஆம் ஆண்டின் பௌரிங் உடன்படிக்கை வாயிலைத் திறந்துவிட்டது. 1896 இல் அங்கு நிறுவப்பட்ட அரச வனத் திணைக்களத்தின் முதல் தலைவரான ஹெர்பர்ட் ஸ்லேட், பர்மா வனத்துறையிலிருந்து வந்தவர். மரம் வெட்டியதும் அதே கூட்டுத்தாபனமே. அதனோடு வேறு சில ஐரோப்பியக் கம்பனிகளும் சேர்ந்துகொண்டன.

இனி, கணக்கு எவ்வாறு மயக்குகின்றது என்பதை நோக்குவோம். பிங், வாங், யோம், நான் ஆறுகளில் மிதந்த மரங்கள் பாங்கொக்கை அடைந்து சீயத்தின் ஏற்றுமதியாயின. ஆனால் வடமேற்குச் சீயத்தில், சல்வின் ஆற்று வடிநிலத்தில் வெட்டப்பட்டவை மௌல்மீனுக்கே மிதந்து சென்று அங்கிருந்து கப்பலேறின. சீயத்து மரம் பர்மாவின் நிரலிற் சேர்ந்தது.

ஆண்டுத் தொகை என்பதும் ஐயத்துக்குரியதே. பச்சைத் தேக்கு மிதவாது. ஆகவே பட்டையை வளையமாக வெட்டி, நின்றநிலையிலேயே ஈராண்டு மூவாண்டு உலரவிட்டு வீழ்த்துவர். யானைகள் ஓடைவரை இழுத்துச் சேர்க்கும். பின்னர் வெள்ளத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். துறைமுகத்தில் ஓராண்டில் பதியப்பட்ட பெறுமதி, பல ஆண்டுகளுக்கு முற்பட்ட உழைப்பின் பெறுமதியாகும். அத்துணைக் காலம் மூலதனத்தை முடக்கிவைக்கச் சிறு வணிகரால் இயலாமை, பெருங் கம்பனிகளின் ஆதிக்கத்துக்கு வழிசமைத்தது. அவ்வுழைப்பாளர் யார்? பர்மாவிற் கரேன் யானைப்பாகர். சீயத்தில் லாவோஸ் பகுதியிலிருந்து வந்த கம்மு கூலிகள். 1856 இல் பெகு காடுகளைப் பொறுப்பேற்ற பிராண்டிஸ் காலத்தில் வேரூன்றிய தவுங்யா முறையின்படி, கரேன் உழவர் தமது சேனைப் பயிரினூடே தேக்கு நட்டனர். பயிர் அவர்களுக்கு, மரம் அரசுக்கு.

ஒரு நூற்றாண்டின் பின்னர் மயக்கம் திசைமாறியது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் நிகழ்ந்த பெருவெள்ளத்தையடுத்து, 1989 ஜனவரியில் அந்நாடு இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. தன் காட்டைக் காத்த செயலென இதனைப் போற்றுவோர், அதற்கு முந்திய மாதத்தில் தாய்லாந்து இராணுவத் தளபதி சவாலித் ரங்கூன் சென்றமையைக் குறிப்பிடுவதில்லை. செப்டெம்பரில் அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த பர்மிய இராணுவத்துக்கு அந்நியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. எல்லைக் காடுகள் தாய்லாந்துக் கம்பனிகளுக்குக் குத்தகையாயின. கரேன் மக்களுக்கெதிரான போர் நடந்துகொண்டிருந்த காடுகளும் அவற்றுள் அடங்கும். அங்கு வெட்டிய மரம் எல்லை கடந்து, தளபாடமாகித் தாய்லாந்தின் நிரலில் ஏறியது. பர்மா உருட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது 2014 ஏப்ரலிலேயே.